அம்மாவின் முழங்கால் ஏன் நோகிறது?

(பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முழங்காற்படியிட்டு ஜெபித்த பிறகு, முன்வாங்கைப் பிடித்துக்கொண்டு எழும்பும் அம்மாமாரை நம் ஆலயத்தில் பார்த்திருப்பீர்கள். கேட்டால், "வயது போகுது" என்று சிரிப்பார்கள். எனக்கும் காலையில் விரல்களை மடக்க முடியவில்லை. தோள் நோவால் உடுப்பு மாற்றுவதே கஷ்டமாக இருந்தது. வார்டில் நோயாளிகளைத் தூக்குவதால்தான் என்று எண்ணி, தாதியாக இருந்தும் ஒரு வருடம் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஜீ.பி.யிடம் போன பிறகுதான் காரணம் விளங்கியது.

பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் மாதவிடாய் நிற்கிறது. அதற்குச் சில வருடங்களுக்கு முன்பிருந்தே ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோன் ஏறி இறங்கி, பின் குறைந்துவிடும். எலும்புக்கும் மூட்டுக்கும் அது ஒரு காவல். அது குறையும்போது விரல், தோள், முழங்கால் நோகலாம். உடம்பு திடீரென்று கொதிக்கும்; நித்திரை குழம்பும். வெளியே தெரியாமல் எலும்பும் பலம் குறையும்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சாராளுக்கு இது நின்றுபோனதை ஆதியாகமம் 18ஆம் அதிகாரமே மறைக்காமல் சொல்கிறது. நாம் ஏன் மறைக்க வேண்டும்?

நோகிறது என்று படுத்துவிடாதீர்கள், நாள்தோறும் நடவுங்கள். பால், தயிர், நெத்தலி, கீரை சாப்பிடுங்கள். இங்கிலாந்தின் வெயில் நம் தோலுக்குப் போதாது. ஆகவே நம்மைப் போன்ற நிறமுள்ளவர்கள் வருடம் முழுவதும் தினமும் 10 மைக்ரோகிராம் விற்றமின் டி எடுப்பது நல்லது என்பதே இங்குள்ள சுகாதார ஆலோசனை. ஹோர்மோன் சிகிச்சை உங்களுக்குப் பொருந்துமா என்றும் ஜீ.பி.யிடம் கேளுங்கள்.

ஒரு மூட்டு சிவந்து, சூடாகி, வீங்கினாலோ, காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பின் சிறிதளவு இரத்தம் பட்டாலோ, "வயது போகுது" என்று விட்டுவிடாதீர்கள். தாமதிக்காமல் காட்டுங்கள்.

என் அம்மாவும் இந்த வயதில் இரவில் முழங்காலுக்கு எண்ணெய் பூசுவார். ஏன் என்று நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. பிள்ளைகளே, நீங்கள் கேளுங்கள். கடையிலிருந்து வரும்போது பாரமான பையை நீங்கள் தூக்குங்கள். கணவன்மாரே, ஜீ.பி.யிடம் கூடவே போங்கள்.

கர்த்தர் நம் தாய்மாரைப் பெலப்படுத்துவாராக. ஆமென்.