பூட்டிய வீடும் கம்பியில்லா அலாரமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உம்ராவுக்குப் புறப்படும் கதிர்காமத்துக் குடும்பத்தார் அண்மைக்காலமாக என்னிடம் ஒரு கேள்வி கேட்கின்றனர். "ஹஜ்ரத், பதினைந்து நாள் வீடு பூட்டிக் கிடக்குமே! கடையில் விற்கும் வயர் இல்லாத அலாரத்தை நாங்களே வாங்கி மாட்டிக்கொள்ளலாமா?" இது மார்க்கக் கேள்வியா எனச் சிலர் புன்னகைக்கக்கூடும். மார்க்கக் கேள்விதான்.

ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதியில் உள்ளது. ஃபிக்ஹு நூல்கள் 'ஹிர்ஸ்' என்று ஒன்றைப் பேசுகின்றன. ஒரு பொருளுக்கு ஏற்ற காப்பிடம் என்பது அதன் கருத்து. எது ஏற்ற காப்பிடம் என்பதை ஊர் வழக்கமே தீர்மானிக்கிறது. அண்டை வீட்டார் மகளின் திருமணத்திற்காக நம்மிடம் ஒப்படைத்த பவுன் அமானிதம். தக்க காப்பில் வைத்திருந்தும் களவு போனால் நம் மீது ஈடு இல்லை. அசட்டையாக விட்டிருந்தால் ஈடு கொடுத்தே ஆகவேண்டும்.

அலாரம் ஹிர்ஸ் ஆகாது. அது கூவும், பிடிக்காது. எனவே முதற்பணம் பூட்டுக்கும் மொட்டைமாடிக் கதவின் தாழ்ப்பாளுக்கும் செல்லட்டும். சுவரோடு சுவராக வீடுகள் நிற்கும் தெருக்களில் மாடிவிட்டு மாடி தாண்டுவது எளிது. முன்வாசலுக்கு மூன்று பூட்டுப் போட்டு, மாடிக்கதவைச் சணற்கயிற்றால் கட்டுவோரும் நம்மில் உண்டு!

பின்னர் கருவிக்கு வருவோம். கதவிலும் நிலையிலும் ஒட்டும் காந்த உணரி இரண்டு துண்டுகளாக இருக்கும். கதவு திறந்து துண்டுகள் விலகியதும் அது நடுப்பெட்டிக்குச் செய்தி அனுப்பும். மரக்கதவுக்கு இது நன்று. இரும்புக் கதவு காந்தத்தையும் அலையையும் குலைக்கும். அத்தகைய வீட்டார் சோதித்துப் பார்த்தே ஒட்டவேண்டும். நடமாட்ட உணரி உடற்சூட்டை அறிவது. சித்திரையில் பூட்டிய அறையின் வெப்பம் உடலின் வெப்பத்தை நெருங்கும்போது அதன் கூர்மை குறையும். அதன் மேல் பல்லி ஊர்ந்தாலோ நள்ளிரவில் தெருவையே எழுப்பிவிடும். இரண்டு முறை பொய்யாகக் கூவிய அலாரத்திற்கு மூன்றாம் முறை எவரும் எழுந்து வருவதில்லை. ஆதலால் கதவு உணரிகளை அதிகமாகவும் நடமாட்ட உணரியை ஒன்றிரண்டாகவும் வாங்குவதே என் கருத்து.

சிம் அட்டை போடும் பெட்டிகளில் ஒரு நுணுக்கம் உண்டு. மலிவானவற்றில் பல 2ஜி மட்டுமே ஏற்பவை. ஜியோவுக்கு 2ஜி இல்லை. அந்த சிம் அதில் இயங்காது. 4ஜி ஏற்கும் பெட்டியா எனக் கேட்டு வாங்குங்கள். ரீசார்ஜ் முடியும் நாளையும் குறித்துவையுங்கள். மேலும், முதல் அழைப்பு எண்ணாக மக்காவில் இருக்கப்போகும் உங்கள் எண்ணைப் பதியாதீர்கள். ஐந்து நிமிடத்தில் வாசலுக்கு வரக்கூடியவரின் எண்ணைப் பதியுங்கள்.

நம் புதுச்சேரிக்கே உரிய ஒரு செய்தி: பிரான்சிலிருந்து வரும் உறவினர் அலாரப் பெட்டியைப் பரிசாகக் கொணர்வதுண்டு. மின்சாரம் ஒத்துவரும், அலைவரிசை ஒத்துவராமற்போகலாம். ஐரோப்பியக் கருவிகள் பெரும்பாலும் 868 மெகாஹெர்ட்ஸிலும் அதற்குச் சற்று மேலும் இயங்குபவை. இங்கே உரிமம் இன்றி அனுமதிக்கப்படுவது 865 முதல் 868 வரை. அன்பளிப்பைப் பெறுமுன் அட்டைப்பெட்டியில் எண்ணைப் பாருங்கள்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதை மறந்திருக்கமாட்டீர்கள். மின்சாரம் நின்றால் வைஃபை மோடமும் நின்றுவிடும். அதை நம்பிய கருவி ஊமையாகும். பெட்டிக்குள் பேட்டரி இருப்பது போதாது. மோடத்திற்கும் சிறு யுபிஎஸ் வேண்டும், அல்லது சிம் வழி வேண்டும்.

இனி கேமரா. இதில்தான் எனக்கு அச்சம் மிகுதி. ஒருவர் நபியவர்களின் அறைக்குள் துளை வழியே எட்டிப் பார்த்ததையும், அனுமதி கோருதல் பார்வையின் பொருட்டே விதிக்கப்பட்டது என்று நபியவர்கள் உணர்த்தியதையும் புகாரியில் காண்கிறோம். எதிர்வீட்டுப் பெண்கள் கோலிக்குழாயடியில் நிற்பதை இரவும் பகலும் பதியும் கேமராவும் அத்தகைய துளையே. அது உங்கள் வாசற்படியை மட்டும் பார்க்கட்டும். வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம். 2025 பிப்ரவரியில், குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் இணையத்தில் விற்கப்பட்ட செய்தி வெளிவந்தது. 2016 அக்டோபரில் 'மிராய்' என்னும் கேடு நிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களைத் தேடிப்பிடித்தே உலகின் பெரிய இணையதளங்களை முடக்கியது. 2025 ஏப்ரல் 9 முதல் நம் நாட்டில் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். பதிவு எண் இல்லாத மலிவுப் பொருளை வாங்காதீர்கள். வாங்கிய அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே மாட்டிவிடுங்கள். அண்டை வீட்டாரிடம், அவர் எச்சமயத்தவராயினும், முன்கூட்டிச் சொல்லி ஒரு முறை அலறவிட்டுக் காட்டுங்கள். அணைக்கும் முறையை ஒருவருக்குக் கற்றுக்கொடுங்கள். காவல் நிலையத்திலும் தெரிவியுங்கள்; அவசர எண் 112. உணரிகளின் பேட்டரியை ஆண்டுதோறும் ஷஅபானில் மாற்றிவிட்டால், தராவீஹுக்கு வீட்டைப் பூட்டி வரும் ரமளான் இரவுகளுக்கும் அது உதவும்.