எதைக் கழற்றுவது, எதை விட்டுவைப்பது?



வீட்டில் ஓடாமல் நிற்கும் பழைய காரை என்ன செய்வோம்? பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுவோம். இங்கிலாந்தில் காலின் சாப்மன் என்ற இளைஞர் வேறு வழி கண்டார். லண்டனில் பொறியியல் படித்துக்கொண்டே பழைய கார்களை வாங்கி விற்றவர் அவர். 1947-இல் பெட்ரோல் கட்டுப்பாடு கடுமையாகி, வியாபாரம் படுத்துவிட்டது. விற்காமல் ஒரு கார் மிஞ்சியது. 1928-ஆம் ஆண்டின் ஆஸ்டின் செவன், எளிய குடும்பங்களுக்கான சிறிய கார். பின்னாளில் தாம் மணந்த ஹேசலின் பெற்றோர் வீட்டுக் கொட்டகையில் வைத்து, அதன் பழைய உடலைக் கழற்றினார். ஒட்டுப்பலகையும் அலுமினியத் தகடும் கொண்டு புதிய உடல் அமைத்தார். 1948-இல் அது ஓடியது. அதுதான் முதல் லோட்டஸ் கார்.

அந்த வழியில் இன்றும் பலர் வீட்டிலேயே கார் செய்கிறார்கள். 1996-இல் ரான் சாம்பியன் என்ற ஆசிரியர் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். பழைய ஃபோர்டு எஸ்கார்ட் குடும்பக் காரிலிருந்து எஞ்சின், கியர் பெட்டி, பின் அச்சு, ஸ்டீயரிங், பிரேக் ஆகியவற்றை எடுத்துக்கொள்வார்கள். சதுர இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து சட்டம் அமைப்பார்கள். மேலே அலுமினியத் தகடு. கூரை இல்லை, கதவும் இல்லை. எடை ஏறக்குறைய பாதியாகிவிடும். எஞ்சின் அதேதான், ஆனால் வண்டி பறக்கும். சந்தைக்கு மூட்டை ஏற்றிப் போன மாடுகள், திரும்பும்போது காலி வண்டியை எப்படி இழுக்கும் என்று கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சட்டத்தில் குறுக்காகச் சில மெல்லிய குழாய்கள் ஓடும். பார்த்தால் தேவையற்றவை போலத் தெரியும். எடை குறையட்டும் என்று அவற்றை வெட்டினால், வளைவில் திரும்பும்போது சட்டமே முறுக்கிக்கொள்ளும். பிரிட்டனில் இத்தகைய கார் அரசுச் சோதனையில் தேறினால்தான் சாலைக்கு வரலாம். கூரை இல்லை என்று யாரும் தடுக்க மாட்டார்கள். பிரேக் சரியில்லை என்றால் விடவே மாட்டார்கள்.

எடை குறைப்பதில் பேர்பெற்ற அதே சாப்மனின் பந்தயக் கார்கள் எளிதில் உடைகின்றன என்று அவரிடமே முறையிட்டவர், ஓட்டுநர் யோகன் ரிண்ட். 1970 செப்டம்பரில் இத்தாலியின் மொன்சாவில், பயிற்சி ஓட்டத்தின்போது அவருடைய லோட்டஸின் முன் பிரேக் தண்டு முறிந்தது. அந்த விபத்தில் ரிண்ட் இறந்தார். அந்த ஆண்டின் உலகச் சாம்பியன் பட்டம், இறந்துபோன அவருக்கே கிடைத்தது.

சில மாதங்களுக்கு முன் ஒரு புது வீட்டை மந்திரிக்கச் சென்றேன். சிறிய, அழகான வீடு. வேண்டாத சாமான் ஒன்றுகூட இல்லை. “அம்மா எங்கேப்பா?” என்று கேட்டேன். “இங்கே இடம் பத்தாது ஃபாதர். ஊர்ல அக்கா வீட்லயே இருக்கட்டும்னு விட்டுட்டோம்” என்றார் மகன். நான் தலையாட்டினேன், தீர்த்தம் தெளித்தேன், காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன். அன்று மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் வந்தது இன்னும் என் மனத்தை உறுத்துகிறது.

சுமை குறைப்பது நல்லதுதான். அலமாரி நிறைய துணி, வட்டிக்கு வாங்கிய ஆடம்பரம், பத்து வருடப் பகை எல்லாவற்றையும் கழற்றிப் போடுங்கள். ஆனால் வீட்டைக் குறுக்கே தாங்கும் மெல்லிய குழாய் எது என்று பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். இயேசு தம் சீடர்களை அனுப்பியபோது பை வேண்டாம், பணம் வேண்டாம் என்றார். ஆனால் தனியாக அனுப்பவில்லை, இருவர் இருவராகவே அனுப்பினார். துணையை அவர் சுமையாக எண்ணவில்லை.

இன்று மாலைக்குள், ஊரில் தனித்திருக்கும் ஒருவருக்குப் போன் செய்யுங்கள். “எப்படி இருக்கீங்க?” என்று மட்டும் கேட்காதீர்கள். “எப்போ வர்றீங்க?” என்றும் கேளுங்கள்.