உள்ளத்தின் நோய்க்கும் மருந்துண்டு



2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்ப வழியின்றிக் கருகினர்; 28 உயிர்கள் போயின. இத்தகைய இடங்களில் நோயாளிகளைக் கொண்டு சேர்ப்போர் பகைவர்களல்லர், பெற்றோரும் உடன்பிறந்தோருமே. ஷைத்தானின் பிடியென அஞ்சினர். மருத்துவரிடம் செல்ல வெட்கினர்.

நோய்க்கு மருந்து தேடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். காய்ச்சலுக்கு ஓதிப் பார்ப்பதோடு மாத்திரையும் வாங்குகிறோமே, உள்ளம் நொந்தவருக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்? ஏர்வாடியிலேயே பின்னாளில் துஆவுடன் மருந்தும் வழங்கப்பட்டது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்துவிட்டது.

உறக்கமும் உணவுமின்றி வாரக்கணக்கில் ஒதுங்கியிருப்பவர் இல்லத்தில் இருப்பின், 14416 என்னும் கட்டணமில்லா எண்ணை அழையுங்கள். தனியே செல்லத் தயங்கினால் எம்மிடம் கூறுங்கள். மருத்துவமனைக்கு உடன் வருவோம்.