கைராசியா? கண்காணிப்பா?



"நோயாளியைப் பெரிதும் காப்பது மருத்துவரின் கைராசியா, கண்காணிப்பா?" இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "எங்க டாக்டர் கைராசிக்காரர், அவர் தொட்டாலே காய்ச்சல் ஓடிப்போகும்" என்றார். நான் கேட்கிறேன், தொட்டாலே ஓடிப்போகும்னா அப்புறம் ஊசி எதுக்குங்க போட்டார்? (சிரிப்பு)

வள்ளுவரைக் கேட்போம். மருந்து என்று ஓர் அதிகாரமே வைத்தார். அதன் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து மருந்தைக் கொடுப்பவர். கவனிக்கணும் நீங்க. நான்கில் ஒருவர்தான் மருத்துவர்! மற்ற மூன்றில் எது பழுதானாலும், எப்பேர்ப்பட்ட கைராசியும் கை கொடுக்காது.

சான்று வேண்டுமா? வெகுதூரம் போக வேண்டாம். இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில் சுங்குவார்சத்திரத்தில் ஒரு மருந்துத் தொழிற்சாலை இருந்தது. அங்கே தயாரான 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் மருந்து மத்தியப் பிரதேசம் வரை போனது. 2025ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அங்கே சிந்த்வாரா மாவட்டத்திலும் சுற்றுவட்டாரத்திலும் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனார்கள். சாதாரணச் சளி, காய்ச்சல்தான். மருந்து குடித்த பிள்ளைக்குச் சிறுநீர் நின்றுபோனது. சிறுநீரகம் செயலிழந்தது.

பாட்டிலுக்குள் என்ன இருந்தது? டைஎத்திலீன் கிளைகால். வண்டிகளின் பிரேக் ஆயிலில் சேர்க்கிற ரசாயனம். நிறம் கிடையாது. நாக்கில் வைத்தால் இனிக்கும். 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. நம் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது இருந்தது 48.6 சதவீதம்! ஐயா, பாதி பாட்டில் நஞ்சு!

எதிரணி நண்பர்களே, உங்கள் கைராசி மருத்துவர் அந்தப் பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்தால் தெரியுமா? பெற்ற தாய் முகர்ந்து பார்த்தால் தெரியுமா? தெரியாது. சோதனைச்சாலைக்குத்தான் தெரியும். அங்கே கொடுத்ததும் சில நாளில் தெரிந்துபோச்சு. இதே சோதனையை மருந்து ஆலையை விட்டுப் புறப்படும் முன்னால் செய்திருந்தால்? அந்தப் பிள்ளைகள் இன்னைக்குப் பள்ளிக்கூடம் போயிருக்கும். (நீண்ட அமைதி)

இது முதல் தடவையா? இல்லை. 1937இல் அமெரிக்காவில் இதே நஞ்சு நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அடுத்த வருஷமே அங்கே புதுச் சட்டம் வந்தது. 1972இல் நம் சென்னையிலேயே குழந்தைகள் இறந்தார்கள். 1986இல் மும்பையில் 14 பேர். 2022இல் ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டில் சுமார் 70 குழந்தைகள். எல்லா இடத்திலும் மருத்துவர்கள் இருந்தார்கள். சோதனைதான் இல்லை!

"கண்காணிப்பு என்றால் திறமைசாலியைச் சந்தேகப்படுவது" என்றார் ஓர் அம்மையார். பிள்ளையார்பாளையம் போய்ப் பாருங்கள் தாயே. முப்பது வருஷம் தறியில் உட்கார்ந்த நெசவாளர், பாவில் ஒரே ஓர் இழை அறுந்தால் என்ன செய்கிறார்? தறியை நிறுத்துகிறார். முடிச்சுப் போடுகிறார். அப்புறம்தான் மேலே நெய்கிறார். "என் கைராசிக்குத் தானா ஒட்டிக்கும்" என்று விடுவதில்லை. (கைதட்டல்) அவருக்குத் திறமை இல்லையா? திறமை இருப்பதால்தான் நிறுத்துகிறார்!

அறுவை அரங்கிலும் அதே கதைதான். 2008இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொடுத்தது. மொத்தம் 19 கேள்விகள். இவர் பெயர் என்ன? எந்தப் பக்கம் அறுவை? ஒவ்வாமை உண்டா? வைத்த பஞ்செல்லாம் எண்ணிக்கை சரியா? இவ்வளவுதான். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் பயன்படுத்திப் பார்த்தார்கள். 2009இல் முடிவு வெளியானது. 1.5 சதவீதமாக இருந்த மரணம் 0.8 ஆகக் குறைந்தது. புதுக் கருவி வாங்கவில்லை. புது டாக்டர் வரவில்லை. வாயைத் திறந்து கேட்டார்கள், அவ்வளவுதான்!

கடைசியாக நம்ம கதைக்கு வருவோம். பட்டுச்சேலை வாங்க எத்தனை பேர் போறோம்? மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா. (சிரிப்பு) முந்தானையைப் பிரிக்கிறோம், ஜரிகையைச் சுரண்டிப் பார்க்கிறோம். ஜரிகையில் வெள்ளி எவ்வளவு என்று சோதிக்க இந்த ஊரில் இயந்திரமே இருக்கு! மருந்துக்கடையில்? கொடுத்ததை வாங்கிப் பையில் போட்டுக்கிட்டு வந்துடறோம். போன வருஷம் அண்ணனுக்கு எழுதிய சீட்டைக் காட்டித் தம்பிக்கு வாங்கறோம். அதையும் சாம்பார் கரண்டியில் அளக்கறோம்!

இனிமேல் பார்ப்போம். பெயர், காலாவதித் தேதி, அளவு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இருமல், சளி மருந்தே எழுதக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய அரசே அறிவுறுத்தியிருக்கிறது. "சிஸ்டர், இது என்ன ஊசி? யாருக்கு எழுதினது?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கேட்கிற தாய், வள்ளுவர் சொன்ன அந்த நான்காவது ஆள்!

ஆனால் பாட்டிலுக்குள் இருப்பதைத் தாய் சோதிக்க முடியாது. அது ஆலையின் கடமை, அரசின் கடமை. நஞ்சு கலந்த பிறகு கைது செய்வது தண்டனை. கலக்காமல் தடுப்பதுதான் பாதுகாப்பு. சேலையில் ஜரிகை போலி என்றால் பணம் போகும். மருந்து போலி என்றால் பிள்ளை போகும்.

ஆகவே நடுவர் அவர்களே, கைராசிக்கு ஒரு கும்பிடு போடுங்கள், தப்பில்லை. தீர்ப்பை மட்டும் கண்காணிப்புக்கே தாருங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன். (பலத்த கைதட்டல்)