கடல் தாண்டும் படைப்புழு

2016இல் ஆபிரிக்காவில் காணப்பட்ட படைப்புழு 2018 மே மாதம் கர்நாடகத்துக்கு வந்தது. அந்த ஆண்டு முடியுமுன் இலங்கைச் சோளன் வயல்களிலும் இறங்கிவிட்டது. அதன் அந்துப்பூச்சி ஒரே இரவில் நூறு கிலோமீற்றர் வரை பறக்கக்கூடியது. பாக்கு நீரிணை அதற்கு ஒரு தடையா? இலங்கையின் நெளுக்குளத்து விவசாயிக்குக் கர்நாடகச் செய்தி எதற்கு என்று கேட்பவர்களுக்கு வேறு பதில் தேவையில்லை.

வருகிற புழு வரத்தான் போகிறது, முன்கூட்டித் தெரிந்து என்ன பயன் என்பார்கள். சின்னப் புழு இலையைச் சுரண்டுகிற நாட்களில் கண்டால் கையாலேயே நசுக்கிவிடலாம். குருத்துக்குள் இறங்கி, மரத்தூள் போன்ற எச்சத்தால் வழியை அடைத்துக்கொண்டால், அடிக்கிற மருந்து லேசில் எட்டாது. அந்தச் சில நாட்களைத்தான் முன்தகவல் நமக்கு வாங்கித் தருகிறது. இப்படித் தகவல் பரிமாற நாடுகள் ஒத்துப்போகுமா என்ற ஐயம் நியாயமானதே. ஆனால் பாலைவன வெட்டுக்கிளிக்காக இந்தியா, பாகிஸ்தான், ஈரான், ஆப்கானிஸ்தான் நான்கும் 1964இல் அமைந்த ஒரே ஆணைக்குழுவில் இருக்கின்றன. தம்முள் போரிட்ட இந்தியா, பாகிஸ்தான் நாடுகளின் அதிகாரிகளே எல்லையில் கூடி வெட்டுக்கிளிச் செய்தி பரிமாறியிருக்கிறார்கள். நாம் கடலைச் சாட்டுச் சொல்ல முடியாது. தலையில் தலைகீழ் ஆங்கில 'வை' (Y) எழுத்துப் போன்ற கோடுள்ள புழுவைக் கண்டால், அன்றைக்கே விவசாயப் போதனாசிரியருக்கும் பக்கத்து வயல்காரருக்கும் சொல்லிவிடுங்கள்.