வரி கட்டுகிறவர் யார்?

போன கூட்டத்தில் ஒருவர், “வரி கட்டுறது நாம, இலவசம் வாங்குறது அவங்க” என்றார். நம் படிக்கட்டைப் பெருக்கும் அக்கா மாலையில் பீடி சுற்றுகிறார். அவர் வாங்கிய குளியல் சோப்புக்கு 2017 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22-இல்தான் அது 5 ஆனது. நமக்கும் அதே விகிதம்தான். வருமான வரிபோல் சம்பளத்தைப் பார்த்து ஏறி இறங்காது.

கணக்குக் கேட்பதில்தான் நாம் பின்தங்கிவிட்டோம். 2016 சட்டமன்றத் தேர்தலில் நம் ராதாபுரம் தொகுதியில் வெற்றி வித்தியாசம் வெறும் 49 வாக்கு. அன்று அக்கா வரிசையில் நின்றார். நான் குடும்பத்தோடு கொடைக்கானலில் இருந்தேன்.

கிராம சபைக்கும் அவர் போவார்; தெருவிளக்குச் செலவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். நாம் கட்டும் வீட்டு வரியும் அந்தக் கணக்கில்தான் வருகிறது. வரும் அக்டோபர் 2 கிராம சபைக்கு நான் போகிறேன். காரில் இன்னும் மூன்று பேருக்கு இடமுண்டு.