நீரோரப் பறவைகளும் அணுவிரதமும்



கொல்லாமை அணுவிரதத்திற்கு நேரும் அதிசாரங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் வகுக்கிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. முதல் நான்கும் கால்நடை வளர்ப்போரையே நினைவூட்டும். ஐந்தாவதோ, ஒளிப்படக் கருவியுடன் நீரோரம் செல்லும் இக்கால இளைஞரையும் தொடுகிறது. "படம்தானே எடுக்கிறான், பறவையைத் தொடவில்லையே" என்று வீட்டார் மகிழ்வர். அது முழு உண்மை அன்று.

திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி வட்டாரச் சமணக் குடும்பங்களுக்குக் கழுவெளி நெடுந்தொலைவன்று. மரக்காணத்தை ஒட்டிய அந்த உவர்நீர் ஈரநிலம் 2021இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024இல் ராம்சார் தலமாகவும் அறிவிக்கப்பெற்றது. குளிர்காலத்தில் அங்கே சேற்றைக் கொத்தி ஓடித் திரியும் கொசு உள்ளான் 20 முதல் 30 கிராம் எடையே உள்ள சிற்றுயிர். வடதுருவத்தை அடுத்த பனிநிலத்தில் பிறந்து இவ்வளவு தொலைவு வந்தது, கோடைக்கு முன் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு மீண்டும் அங்கே பறந்தாக வேண்டும். மேயும் கூட்டத்தை நோக்கி ஒருவர் நடந்தால் அது எழுந்து பறக்கும். சற்று நேரத்தில் அடுத்தவர் வருவார். எழும் ஒவ்வொரு முறையும் உண்ணும் நேரம் குறைகிறது, உண்டதும் செலவாகிறது. பறக்கும் காட்சி வேண்டுமென்றே கைதட்டி எழுப்புவோரும் உளர். இது அன்னபான நிரோதம் அன்றி வேறென்ன?

தேர்ந்த ஒளிப்படக்காரர் பறவையைத் தேடிச் செல்வதில்லை. பறவை தம்மிடம் வருமாறு காத்திருக்கிறார். விடியுமுன் சென்று, கதிரவன் முதுகுப்புறம் எழுமாறு இடம் பார்த்து, சேற்றோரத்தில் வயிறு படியப் படுத்துக் கருவியைத் தரைமட்டத்தில் நிறுத்துவார். பறவையின் கண்மட்டத்தில் எடுத்த படத்தில் பின்னணி மங்கி, பறவை மட்டும் தெளிந்து நிற்கும். அசையாது கிடப்பவரைப் பறவைகள் மெல்ல மறந்துவிடும். சில வேளை வில்லைக்கு மிக அருகில் வந்துவிடுவதால் படமே எடுக்க இயலாமற் போவதும் உண்டு! பறவை கொத்துவதை நிறுத்தித் தலை நிமிர்ந்தால் அஞ்சிற்று என்று பொருள். அவ்வளவில் நின்றுவிட வேண்டும்.

கோடையில் பொறுப்பு இன்னும் கூடுகிறது. உப்புக்கொத்தியும் சிறிய ஆலாவும் வெறுந்தரையில் முட்டையிடும். மணலினின்று முட்டையைப் பிரித்தறிவது அரிது. நான்கு முழம் முன்னே தரையை நோக்கி நடக்கும் ஈரியா சமிதி முனிவர்க்கு உரியது. எனினும் அவ்விடத்தில் சிராவகரும் அதனைக் கைக்கொள்வது தகும். தாய்ப்பறவை சிறகொடிந்ததுபோல் நடித்து ஓடுவதைப் படமாக்கி மகிழ்வோர் பலர். அது பறவையின் பேரச்சம். அந்நேரம் முழுதும் முட்டை வெயிலில் கிடக்கிறது. உச்சிவெயிலில் உப்புக்கொத்தி முட்டைமேல் நிற்பது நிழல் தருவதற்காகவே. வயிற்றிறகை நீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விப்பதும் உண்டு.

இனி, எடுத்த படத்தைச் செம்மை செய்தல். பொய்யாமை அணுவிரதத்தின் அதிசாரங்களுள் ஒன்று கூடலேகக் கிரியை, அதாவது பொய்யாவணம் புனைதல். சாய்ந்த நீர்மட்டத்தை நேராக்கல், வேண்டாத ஓரத்தை வெட்டல், ஒளியையும் நிறத்தையும் கண் கண்டபடி திருத்தல் ஆகியவற்றில் பொய் இல்லை. கருஞ்சேற்றை அளந்து கருவி ஒளியை மிகுத்துவிட்டால் வெண்மார்பின் இறகுக் கோடுகள் அழியும்; அழிந்ததை எந்த மென்பொருளும் மீட்காது. ஆகவே எடுக்கும்போதே ஒளியைச் சற்றுக் குறைத்து, இருண்ட பகுதியைப் பின்னர் உயர்த்துவதே முறை. இல்லாத பறவையைச் சேர்ப்பது வேறு. காலில் உள்ள வளையத்தை அழகுக்காக அழிப்பதும் அதனோடு ஒக்கும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடியக்கரையில் நெடுங்காலமாகப் பறவைகளுக்கு வளையமிட்டு ஆய்கின்றனர். வளையத்தின் எண் தெளிவாகத் தெரியும் ஒரு படம் அப்பறவையின் பயணத்திற்கே சான்றாகும்.

அதே வரிசையில் வரும் இன்னொன்று ரகோப்பியாக்கியானம், மறைவானதை வெளிப்படுத்தல். மாந்தர்தம் மறைவொழுக்கம் பற்றியே அது பேசப்படினும் தரையில் கிடக்கும் முட்டைக்கும் பொருந்தும். கைப்பேசியில் எடுக்கும் படத்தினுள் இடக்குறிப்பு தானே பதிந்துவிடுவதுண்டு. பிறர்க்கு அனுப்புமுன் அதனை நீக்கிவிடலாம். இடத்தின் பெயரையும் குஞ்சுகள் அங்கிருந்து அகன்ற பின்னரே சொல்லலாம்.